சாலையில்லாத மலையூரில் நோயாளியை டோலி கட்டி இறக்குவது எப்படி

நாமக்கல் மாவட்டம் போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். அடிவாரத்து வடுகத்திலிருந்து கீழூர் போகவே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஏறவேண்டும். தேர்தல் நாளில் வாக்கு எந்திரம் தலைச்சுமையாகப் போன அதே பாதையில்தான் காய்ச்சல்காரரும் பிள்ளைத்தாய்ச்சியும் நெடுங்காலம் டோலியில், அதாவது மூங்கில் கழியில் கட்டிய துணித் தொட்டிலில், இறங்கினார்கள். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி, மூணாறுக்கு அப்பால் முதுவர் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடி, வேலூர் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை என்று இப்படிப்பட்ட ஊர்கள் பல. 2023 மே மாதம் அல்லேரி மலை அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேர்வதற்குள் இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட, தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலையேறினார்.

சாலை வரும்வரை இந்த ஊர்களுக்கு டோலிதான் ஆம்புலன்ஸ். அதை முன்கூட்டியே செய்து வைக்காததால் வரும் கேடு பெரியது. ராத்திரி பத்து மணிக்கு நோவு கண்டபிறகு பச்சை மூங்கில் வெட்டி, கிடைத்த சேலையைக் கட்டி, அகப்பட்ட ஆறு பேரோடு கிளம்பினால் முதல் இறக்கத்திலேயே முடிச்சு நழுவும். கழி, துணி, கயிறு, ஆள் நான்கும் நோய் வருவதற்கு முன்பே ஊரில் தயாராக இருக்கவேண்டும்.

கழி

கல்மூங்கில்தான் நல்லது. உள்ளே கிட்டத்தட்ட கெட்டியாக இருக்கும், வளையும், சட்டென்று முறியாது. மூன்று வயதுக்கு மேல் முற்றியதாகப் பார்த்து வெட்டவேண்டும். இளமூங்கிலில் கணுவைச் சுற்றி வெள்ளைப் பூச்சும் தோகையும் ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றியது மங்கிப்போய், தட்டினால் கணீரென்று கேட்கும். நீளம் 12 அடி, தடிமன் இரண்டரை அங்குலம். கொண்டை ஊசித் திருப்பங்கள் இல்லாத பாதையானால் 14 அடி வைத்துக்கொள்ளலாம், தோள் கொடுக்க இடம் தாராளமாகக் கிடைக்கும். திருப்பம் உள்ள பாதையில் 14 அடிக் கழி பாறையில் முட்டி, முன்னால் தூக்குகிறவரைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடும்.

வெட்டிய மூங்கிலை அப்படியே பரணில் போட்டால் ஆறு மாதத்தில் உளுத்துத் தூள் கொட்டும். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. ஓடைத் தண்ணீரில் கல்லை வைத்து அமுக்கி இரண்டு மூன்று வாரம் ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்து போகும். பிறகு நிழலில் காயவைத்து, அடுப்புப் புகை படுகிற இடத்தில் கூரையடியில் செருகிவைக்கவேண்டும். வெயிலில் காய்ந்தால் நீளவாக்கில் வெடிக்கும். காய்ந்த கழி 6, 7 கிலோ இருக்கும். பச்சைக் கழி அதைவிட எவ்வளவோ கனம், போகப்போகத் தொய்ந்துகொண்டே வரும்.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், கழியின் இரு முனையையும் இரண்டு திண்ணைமேல் வைத்து நடுவில் இரண்டு ஆள் தொங்கிப் பாருங்கள். கீறல் சத்தம் வந்தால் அதைப் பந்தலுக்குப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். ஊருக்கு இரண்டு கழியாவது இருக்கவேண்டும். வன உரிமைச் சட்டம், 2006 மூங்கிலையும் சிறு வன மகசூலில் சேர்த்திருக்கிறது. உரிமை பெற்ற ஊர்கள் இதற்காகத் தயங்கவேண்டியதில்லை.

துணியும் முடிச்சும்

சேலை வேண்டாம். நைலக்ஸ், பாலியஸ்டர் எதுவானாலும் முடிச்சு வழுக்கும், நனைந்தால் இன்னும் மோசம். அகலம் ஒன்றேகால் மீட்டர் உள்ள கெட்டிக் காடாத் துணி ஐந்தரை மீட்டர் வாங்கி, இரண்டாக மடித்து இரண்டே முக்கால் மீட்டராக்கி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போடுங்கள். கயிறு தேங்காய்நார், சுண்டுவிரல் தடிமன், இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் நான்கு மீட்டர். வழவழப்பான மூங்கிலில் நார்க்கயிறு பிடித்துக்கொள்ளும். நைலான் கயிறு பார்க்கப் பலமாகத் தெரிந்தாலும் மூங்கில்மேல் நழுவும்.

கட்டும் முறை இது. துணியின் ஒரு முனையைக் கொசுவம்போல் மடித்துக் கைப்பிடி அளவாகக் குவியுங்கள். குவித்த கொத்தை ஒரு சாண் திருப்பி மடக்குங்கள். மடிப்புக்குள் எலுமிச்சை அளவு உருண்டைக்கல் ஒன்றை வைத்து, கல்லுக்குக் கீழே கயிற்றை ஆறேழு சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சிடுங்கள். கல் இருப்பதால் எவ்வளவு பாரம் இழுத்தாலும் துணி கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு வராது. பிறகு அதே கயிற்றை மூங்கிலில் சுற்றுங்கள், ஆனால் கணுவுக்கு வெளிப்பக்கமாக, அதாவது கழியின் முனையைப் பார்த்த பக்கமாக. தொங்கும் பாரம் இரண்டு கட்டையும் எப்போதும் நடுவை நோக்கியே இழுக்கும். கணு உட்பக்கம் நின்றால் கட்டு நகர முடியாது. உள்பக்கம் கட்டிவிட்டு, வழியில் இரண்டு கட்டும் நெருங்கி வந்து, நோயாளி மூட்டையாக மடங்கிப் போவது அடிக்கடி நடக்கிற தவறு.

படுக்கவைக்க, இரண்டு கட்டுக்கும் இடையே ஐந்தரை அடி. கழியின் இருபக்கமும் மூன்றேகால் அடி மிஞ்சும், அது தோளுக்கு. துணியின் அடிப்பகுதி கழியிலிருந்து இரண்டு அடிக்குமேல் தொங்கக்கூடாது. தூக்குகிறவர் தோள் தரையிலிருந்து நாலரை அடி என்றால், படிக்கல்லில் இறங்கும்போது நோயாளியின் முதுகு கல்லில் இடிக்காமலிருக்க அந்த இடைவெளி வேண்டும்.

தொட்டில் துணி இயல்பாகவே மார்பையும் தோளையும் இருபுறமும் நெருக்கும். இதனால் மூச்சு முட்டும். தலைப்பக்கம் இரண்டடிக் குச்சி ஒன்றைத் துணியின் இரு ஓரத்துக்கும் குறுக்கே கொடுத்து, முனைகளை ஓரத்தோடு சேர்த்துக் கட்டினால் துணி அகன்று நிற்கும். பலர் இதைச் செய்வதில்லை. செய்துபார்த்தால் நோயாளியின் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

நோய்க்கு ஏற்றபடி கிடத்துவது

எல்லாருக்கும் ஒரே தொட்டில் ஆகாது. எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைவிட எப்படிக் கிடத்தியிருக்கிறோம் என்பதில் உயிர் தங்கும் நேரங்கள் உண்டு.

பாம்புக்கடி: கடிபட்டவரை ஓர் அடிகூட நடக்கவிடாதீர்கள், நடந்தால் விஷம் சீக்கிரம் பரவும். மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கயிறு கட்டி இறுக்குவது, கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். இறுகக் கட்டிய கால் அழுகிப்போய் எடுக்கவேண்டி வந்ததுண்டு. கடித்த கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல் மூங்கில் பத்தை வைத்து, தளர்வாக, அசையாமல் கட்டினால் போதும். கடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக நேரம் செலவிட வேண்டாம்: இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது, அறிகுறியைப் பார்த்தே கொடுப்பார்கள்.

கட்டுவிரியன் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும், வலி இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, கண் இமை தூக்க முடியாமை என்று ஆரம்பித்தால் வயிற்றுக்கோளாறு என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் டோலியை இறக்குங்கள். இமை சரிந்தவரை மல்லாக்கப் படுக்கவைத்தால் எச்சில் மூச்சுக்குழலில் இறங்கும். இடப்பக்கம் ஒருக்களித்து, முதுகுப்பக்கம் சுருட்டிய கம்பளியை முட்டுக்கொடுத்து, முகம் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி கிடத்தவேண்டும். மூச்சு நின்றால் இறக்கிவைத்து வாயோடு வாய் வைத்து ஊதவேண்டும். இந்த விஷம் தசையைத்தான் முடக்குகிறது, இதயம் ஓடிக்கொண்டே இருக்கலாம். விடாமல் மூச்சுக் கொடுத்தால் மருத்துவமனைவரை உயிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கமுடியும்.

பிள்ளைத்தாய்ச்சி: இவரையும் இடப்பக்கமாகத்தான் கிடத்தவேண்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, தாய்க்கு மயக்கமும் பிள்ளைக்குக் காற்றுக்குறைவும் வரும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு துணிச்சுருள் வையுங்கள். வலி கண்டபிறகு டோலியில் ஏற்றுவது கடைசி வழி. 36 வாரம் முடிந்ததும் அடிவாரத்தில் உறவுக்காரர் வீட்டுக்கோ, மலையடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவக் காத்திருப்பு அறை இருந்தால் அங்கேயோ இறங்கிவிடுவதே சரி. முதல் பிரசவம், முன்பு ஆபரேஷன் ஆனவர், ரத்தசோகை, இரட்டைக்கரு என்றால் இன்னும் முன்னதாகவே. வீட்டில் ஆடு மாட்டையும் மற்ற குழந்தைகளையும் பார்க்க ஆளில்லை என்பதால்தான் பெண்கள் கடைசிவரை தங்கிவிடுகிறார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசி அந்த ஒரு மாதத்துக்கு ஆள் பொறுப்பேற்பது டோலி தூக்குவதைவிட எளிது.

வழியிலேயே பிறந்துவிட்டால் குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பில் கிடத்தி இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். குளிர்தான் பச்சைக்குழந்தையை முதலில் கொல்லும். பையில் புது பிளேடும் சுத்தமான நூலும் இல்லையென்றால் தொப்புள்கொடியை அறுக்காமலே நஞ்சுக்கொடியோடு சேர்த்துக் கொண்டுபோகலாம், அரிவாளால் அறுக்காதீர்கள். ரத்தம் பெருகினால் தொப்புளுக்குக் கீழே கையை வைத்துக் கருப்பை கெட்டியாகும்வரை அழுத்தித் தேய்த்து, குழந்தையைப் பால்குடிக்க வையுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி: படுக்கவைக்கவே கூடாது. மர நாற்காலியின் உட்காரும் பலகைக்கு அடியில் இரண்டு கழி கொடுத்துக் கட்டி, உட்காரவைத்துத் தூக்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலியானால் கைப்பிடியில் கட்டாதீர்கள், குளிரில் அது சட்டென்று உடையும். உட்காரும் பாகத்துக்கு அடியில் கயிறு கொடுத்து எடுங்கள். நோயாளி முன்பக்கம் சாயாமல் மார்பின் குறுக்கே துண்டு, இறுக்காமல்.

தேனெடுக்கும் பாறையிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தவர்: துணித் தொட்டிலைத் தொடவே வேண்டாம். தொட்டிலில் முதுகு வளையும், முறிந்த முதுகெலும்பு வளைந்தால் கால் இரண்டும் நிரந்தரமாகப் போய்விடும். மூங்கில் ஏணிதான் இதற்குக் கைகொடுக்கும், குறுகலானது, ஒற்றையடிப் பாதைக்குப் பொருந்தும். ஏணிமேல் பலகையோ தடித்த சாக்கோ பரப்பி, நான்கு பேர் தலை, தோள், இடுப்பு, கால் என்று பிடித்து உடலை ஒரே கட்டையாக ஒருபுறம் சாய்த்து, ஏணியை அடியில் தள்ளுங்கள். தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ணிக்கை சொல்லவேண்டும். தலையின் இருபக்கமும் சுருட்டிய துண்டு வைத்து அசையாமல் கட்டுங்கள். கதவுப்பலகையும் ஆகும், ஆனால் திருப்பத்தில் சிரமம்.

கால் முறிவுக்கு மூங்கில் பத்தை இரண்டு, மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் தாண்டும் நீளத்தில், பஞ்சோ துணியோ வைத்து. கட்டியபின் அரைமணிக்கொருமுறை கால்விரலைத் தொட்டுப்பாருங்கள். சில்லிட்டோ நீலம் பாய்ந்தோ இருந்தால் கட்டு இறுக்கம். வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு டோலி தேவையில்லை, முதுகில் ஏணை கட்டித் தூக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய அளவில் கரைத்து, வழியெல்லாம் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே போகவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

ஆளும் நடையும்

60 கிலோ ஆள், கழியும் துணியும் 10 கிலோ. இரண்டு பேர் தூக்கினால் தலைக்கு 35 கிலோ, அதில் கால் மணிநேரம்கூட இறக்கத்தில் முழங்கால் தாங்காது. நால்வர் என்றால் பதினேழரை கிலோ. ஒவ்வொரு முனையிலும் ஒருவர் இடத்தோளிலும், ஒன்றரை அடி பின்தள்ளி இன்னொருவர் வலத்தோளிலும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த நால்வர். 7 கிலோமீட்டர் இறக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும், அதற்குமேல் முன்னால் வழிகாட்ட ஒருவர், நோயாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே வர ஒருவர். பகலில் மூன்று மணிநேரம், இரவில், மழையில், நாலரை ஐந்து என்று கணக்கிடுங்கள்.

இளைஞர்கள் திருப்பூர், கேரளா, குடகு என்று வேலைக்குப் போயிருக்கும் மாதங்களில் ஊரில் பன்னிரண்டு ஆண்கள் இருக்கமாட்டார்கள். அதை நினைத்து இப்போதே பெண்களையும் சேர்த்துத் தூக்கும் ஆள் பட்டியல் எழுதி, அண்டை ஊரோடு பாதிவழியில் வந்து தோள்வாங்கும் ஏற்பாட்டையும் பேசிவையுங்கள்.

இறக்கத்தில் நோயாளியின் கால் முன்னால், தலை பின்னால். ஏற்றத்தில் தலை முன்னால். எப்போதும் தலை மேட்டுப்பக்கம் இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ரத்தம் இழந்து வெளுத்துப்போனவருக்கு மட்டும் தலை தாழ்ந்தாலும் பரவாயில்லை. இறக்கத்தில் உயரமானவர்கள் முன்முனையில், குட்டையானவர்கள் பின்முனையில் நின்றால் கழி மட்டமாக இருக்கும். நோயாளி கால்பக்கம் வழுக்காமல் தொடைக்கடியில் ஒரு சுருள். முன்னால் உள்ளவர் இடக்கால் வைக்கும்போது பின்னால் உள்ளவர் வலக்கால் வைக்கவேண்டும். எல்லாரும் ஒரே காலில் நடந்தால் கழி துள்ளி, தொட்டில் ஊஞ்சலாகி, நோயாளி வாந்தியெடுப்பார். தோளில் துண்டைச் சும்மாடாக மடித்து வையுங்கள்.

குரல் ஒருவருடையது மட்டும் கேட்கவேண்டும், முன்னால் போகிறவருடையது. “கல்லு”, “பள்ளம்”, “எடத்திருப்பம்”, “தோளு மாத்து” என்று சொல்லச்சொல்லப் பின்னால் ஒப்பிச்சொல்லி வாங்கிக்கொள்வார்கள். தோள் மாற்றும்போது தரையில் வைக்காதீர்கள், புதிய தோள் உள்ளே வந்து பாரத்தை வாங்கியபிறகே பழைய தோள் விலகவேண்டும். இரவில் முன்னும் பின்னும் நெற்றிவிளக்கு, நடுவில் ஒன்று. யானை, காட்டெருமை நடமாட்டமுள்ள இடங்களில் பேச்சுக்குரலோடு போவது பேசாமல் போவதைவிட மேல், மிருகம் தானாக விலக நேரம் கிடைக்கும். ஓடையில் தண்ணீர் கலங்கி, முழங்காலுக்குமேல் ஏறி ஓடினால் நில்லுங்கள். மேலே மழை விட்டால் மலையோடை சீக்கிரம் வடிந்துவிடும்.

போன், பை, பணம்

டவர் கிடைக்கும் பாறை எது என்று ஊரில் எல்லாருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், தெரிந்திருக்கவேண்டும். நோயாளியைத் தொட்டிலில் கிடத்தும்போதே ஒருவர் அங்கே ஓடி 108க்குப் பேசட்டும். மலைப்பெயர் மட்டும் சொன்னால் வண்டி வேறெங்காவது போகும். மாவட்டம், ஒன்றியம், சாலை முடிகிற இடத்தின் பெயர், அங்கே தெரிகிற கோயிலோ பள்ளியோ, டோலி வந்துசேரும் நேரம், நோய் என்ன என்பதைச் சொல்லுங்கள். மூன்று மணிநேரம் வண்டி காத்திருக்காது. பாதிவழியில் டவர் கிடைக்கிற இடத்தில் மறுபடியும் பேசவேண்டும். பாம்புக்கடியானால் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தும் இரவு டாக்டரும் இருக்கிறார்கள் என்று கேட்டு, இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்பி அலையாமல் நேரே இருக்கிற இடத்துக்கே போங்கள்.

டோலித் துணியோடு எப்போதும் ஒரு பை இருக்கட்டும்: பிளாஸ்டிக் தார்ப்பாய், கம்பளி, பேட்டரியோடு விளக்கு, புது பிளேடு, நூல், உப்பு சர்க்கரை பொட்டலம், தண்ணீர், அட்டைப்பூச்சிக்குப் புகையிலைத்தூள், பேனா. ஆதார், காப்பீட்டு அட்டை, பிள்ளைத்தாய்ச்சியானால் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய தாய்சேய் அட்டை. இரண்டாயிரம் ரூபாய் சில்லறை நோட்டாக ஊர்ப்பொதுவில் வைத்திருந்தால், துணைக்குப் போகிறவர் சாப்பாட்டுக்கும் திரும்பும் பஸ்சுக்கும் கைநீட்டவேண்டாம்.

சாலை கேட்பதற்கு ஒரு வழி பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராமசபை பரிந்துரைத்தால், ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், சாலை, மருந்தகம், அங்கன்வாடி போன்றவற்றுக்குத் தர இடம்கொடுக்கிறது. மூன்று மீட்டர் அகலப் பாதையானால் ஒரு ஹெக்டேரில் மூன்று கிலோமீட்டருக்குமேல் வரும். தீர்மானத்தில் பாதையின் நீளம், அகலம், வெட்டவேண்டிய மரங்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள், எண் இல்லாத தீர்மானம் திரும்பி வரும். எந்த மாதம் யாரை எத்தனை மணிநேரம் டோலியில் இறக்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால் அதையும் இணைக்கலாம்.

வண்டியில் ஏற்றியபின் கழியையும் துணியையும் அடிவாரத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருவர், மற்றவர் அவற்றோடு திரும்பட்டும். ரத்தமோ வாந்தியோ பட்ட துணியைக் குடிக்க எடுக்கும் ஓடையில் அலசாமல், தனியே வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் காடாத்துணி பூசணம் பிடித்து நூல் இற்றுவிடும். கயிற்றின் முறுக்குப் பிரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். உருண்டைக்கல் இரண்டையும் துணிக்குள்ளேயே முடிந்து, கழியை மறுபடி அடுப்புக்கு மேலே கூரையில் செருகிவிடுங்கள்.